ஒரே பயிற்சியாளர், ஒரே தீவு, ஒரே ஆண்டு

அமெரிக்கப் பந்தயக் குதிரைப் பயிற்சியாளர் சார்லி விட்டிங்ஹாம் தன் நீண்ட பயிற்சி வாழ்க்கையில் கென்டக்கி டெர்பியை வென்றது இரண்டே முறைதான். 1986-ல் ஃபெர்டினாண்ட், 1989-ல் சண்டே சைலன்ஸ். இரண்டு குதிரைகளும் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கையும் வென்றன. கிளாசிக்கை வென்ற அதே ஆண்டில் அமெரிக்காவின் 'ஆண்டின் சிறந்த குதிரை' பட்டமும் பெற்றன. இரண்டும் பின்னாளில் ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்கு விற்கப்பட்டன. இரண்டும் 2002-ல் உயிர்விட்டன. சண்டே சைலன்ஸுக்குக் குளம்பு நோய் வந்தபோது இரவும் பகலும் மருத்துவர்கள் கூட இருந்தார்கள். ஆகஸ்ட் 19 அன்று அது இறந்ததும் ஜப்பானே துக்கம் கொண்டாடியது. பண்ணையிலேயே கல்லறை எழுந்தது. ஃபெர்டினாண்ட் எந்த நாளில் இறந்தது என்பதுகூட வெளியில் தெரியாது. அது இறைச்சிக்கூடத்துக்குப் போய்விட்டது என்ற செய்தி மறு ஆண்டு ஜூலையில்தான் உலகத்துக்கு வந்தது.

ஓடுதளத்தில் இவை இரண்டுக்கும் இருந்த தூரம் அதிகமில்லை. பிறகு எது இந்த அளவு பிரித்தது? இதற்குச் சொல்லப்படும் வழக்கமான பதில், ஜப்பானியர்களின் மனமின்மை. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை. சண்டே சைலன்ஸைத் தாங்கிப் பிடித்தவர்களும் ஜப்பானியர்கள்தாம். அவர்களின் இன்னொரு பெரிய பொலிகுதிரையான (குட்டிகளுக்காகப் பெட்டைகளோடு இணைசேர்க்க வைத்திருக்கும் ஆண்குதிரை) நார்தர்ன் டேஸ்ட் 33 வயது வரை ஹொக்கைடோவில் பேணப்பட்டு 2004-ல் இறந்தது. காரணம் நாட்டில் இல்லை. ஓய்வு பெற்ற குதிரையை வைத்து நடக்கும் தொழிலின் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கு அமெரிக்காவிலும் அதேதான், இந்தியாவிலும் அதேதான்.

ஓடுவதை நிறுத்திய பிறகு

மூன்று வயதிலோ நான்கு வயதிலோ உச்சத்தில் இருக்கும் குதிரையை ஏன் நிறுத்துகிறார்கள் என்று பந்தயம் பார்க்கிறவர்கள் எப்போதும் கேட்பார்கள். பெரிய குதிரை ஒன்று ஓடிச் சம்பாதிப்பதைவிடப் பண்ணையில் பொலிகுதிரையாக நின்று சம்பாதிப்பது பல மடங்கு. ஓடும் ஒவ்வொரு நாளும் கால் முறியலாம். ஒரு தோல்வி விலையைப் பாதியாக்கலாம். 1973-ன் பெரும் சாம்பியன் செக்ரட்டேரியட் விஷயத்தில் வரி வேறு சேர்ந்துகொண்டது. 1973 ஜனவரியில் உரிமையாளர் கிறிஸ்டஃபர் செனரி இறந்ததும் வாரிசு வரி கட்டப் பணம் தேவைப்பட்டது. கென்டக்கியின் கிளேபோர்ன் பண்ணையின் இளம் முதலாளி சேத் ஹான்காக் தொலைபேசியில் உட்கார்ந்து, பங்குக்கு 1,90,000 டாலர் வீதம் 32 பங்குகளை விற்றார். மொத்தம் 60.8 லட்சம் டாலர், அன்றைக்கு உலகச் சாதனை. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு ஒரு பெட்டைக் குதிரையை அனுப்பும் உரிமை. ஒப்பந்தத்தில் இருந்த நிபந்தனை, அந்த ஆண்டு முடிவதற்குள் ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது. ஆக, டெர்பி, பிரீக்னஸ், பெல்மாண்ட் என்ற மூன்று பெரும் பந்தயங்களையும் வெல்வதற்கு முன்பே, அதாவது பெல்மாண்டில் 31 உடல் நீளம் முன்னால் ஓடி 2 நிமிடம் 24 நொடியில் முடிப்பதற்கு முன்பே, அதன் ஓட்ட வாழ்வின் கடைசி மாதம் எழுதி வைக்கப்பட்டுவிட்டது. அக்டோபர் 28 அன்று டொரண்டோவின் வுட்பைனில் கடைசி ஓட்டம்.

பண்ணைக்கு வந்த குதிரையை நேராக இணைசேர்க்கும் கொட்டகைக்குக் கொண்டுபோக முடியாது. தினமும் காலையில் பாய்ந்து பழகிய உடம்பு அது. ஓட்ஸும் செறிவுத் தீவனமும் நிறையத் தின்று பழகியது. ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் தீவனத்தைக் குறைக்காவிட்டால் குடல் வலியும் குளம்பு அழற்சியும் வரும். அதனால் தானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, காய்ந்த புல்லைக் கூட்டி, பந்தய லாடங்களைக் கழற்றி, முதலில் கையில் பிடித்து நடத்தி, பிறகு சின்ன வேலிக்குள் சில மணி நேரம், அப்புறம்தான் பெரிய புல்வெளி. பல மாதங்கள் லாய அறையிலேயே வாழ்ந்த குதிரையைத் திடீரென்று பெரிய வெளியில் விட்டால் தலைதெறிக்க ஓடி வேலியில் மோதும். அதைத் தடுக்கச் சில பண்ணைகள் முதல் சில நாட்களுக்கு லேசான மயக்க மருந்தும் கொடுக்கும். இன்னொரு சிக்கல், நடத்தை. ஓடிய காலத்தில் பெட்டைகளைப் பார்த்துக் கனைத்தால் கண்டிக்கப்பட்ட குதிரையிடம், இப்போது அதையே செய் என்கிறார்கள். புரிந்துகொள்ளச் சிலவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும்.

அடுத்தது கருவளச் சோதனை. விந்து மாதிரியை நுண்ணோக்கியில் பார்ப்பது பாதிதான். உண்மையான சோதனை, தரோபிரெட் எனும் பந்தயக் குதிரை இனத்தைச் சேராத சில பெட்டைகளோடு இணைசேர்த்துச் சினை பிடிக்கிறதா என்று பார்ப்பது. செக்ரட்டேரியட்டின் முதல் மாதிரியில் முதிராத அணுக்கள் இருந்ததாகச் சொல்லப்பட்டதும் பங்குதாரர்கள் கலங்கிப்போனார்கள். லியோலா என்ற புள்ளித் தோல் அப்பலூசா பெட்டை சினையானதும்தான் கலக்கம் தீர்ந்தது. அப்படிப் பிறந்த முதல் குட்டியும் புள்ளி போட்டதுதான், 1974 நவம்பரில். எல்லாக் குதிரைக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. தொடர்ந்து 16 பந்தயங்களை வென்ற சிகாரை 1997-ல் ஆஷ்ஃபோர்ட் பண்ணையில் நிறுத்தினார்கள். 34 பெட்டைகள், ஒன்றுகூடச் சினையாகவில்லை. காப்பீட்டு நிறுவனம் இரண்டரைக் கோடி டாலர் கொடுத்துக் குதிரையை எடுத்துக்கொண்டது.

கொட்டகையில் நடப்பது

வடகோளத்தில் பருவம் பிப்ரவரி நடுவில் தொடங்கி ஜூலைத் தொடக்கத்தில் முடியும். எல்லாத் தரோபிரெட் குட்டிகளுக்கும் ஜனவரி 1 தான் பிறந்தநாள் என்பது விதி. சினைக்காலம் ஏறக்குறைய 340 நாட்கள். ஆகவே குட்டி ஜனவரி, பிப்ரவரியிலேயே விழுந்தால் பந்தயத்தில் வயதுச் சாதகம் உண்டு. ஆனால் பெட்டைக்கு இயற்கையான பருவம் பகல் நீளும் வசந்தத்தில்தான். அதனால் டிசம்பர் முதல் தேதியிலிருந்தே லாயத்தில் விளக்கு எரித்து ஒரு நாளை 16 மணி நேர வெளிச்சமாக்கி, உடம்பை ஏமாற்றிப் பருவத்தை முன்னே கொண்டுவருகிறார்கள். செயற்கைக் கருவூட்டலுக்குத் தரோபிரெட் பதிவேட்டில் இடமில்லை. ஆணும் பெண்ணும் நேரில் சேர்ந்தால்தான் குட்டிக்குப் பதிவு. இந்த ஒரு விதிதான் தொழிலின் புவியியலையே தீர்மானிக்கிறது: பெட்டை வண்டியேறி வந்தாக வேண்டும், இல்லையென்றால் பொலிகுதிரை கப்பலோ விமானமோ ஏறிப் போயாக வேண்டும்.

பெட்டை 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், ஐந்தாறு நாள் நிற்கும். அதன் சொந்தப் பண்ணையிலேயே விலை குறைந்த ஆண்குதிரை ஒன்றை வேலிக்கு அப்பால் நிறுத்தி அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பார்கள். காதை மடக்கிக் கடிக்கப் போனால் இன்னும் நாளிருக்கிறது. வாலைத் தூக்கிச் சிறுநீர் விட்டால் தயார். கூடவே மருத்துவர் மீயொலிக் கருவியில் கருமுட்டைப் பையை அளப்பார். 35 மில்லிமீட்டரைத் தாண்டி மெத்தென்று ஆனதும் நேரம் குறித்துத் தொலைபேசி செய்வார்கள். கொட்டகையில் பெட்டையின் வாலைத் துணிப்பட்டையால் சுற்றி, பின்புறத்தை வெதுவெதுப்பான நீரில் கழுவி, பின்னங்கால்களுக்குக் கம்பளிச் செருப்பு மாட்டுகிறார்கள். உதைத்தால் கோடிக்கணக்கில் விலையுள்ள கால் முறிந்துவிடக் கூடாதே. மேலுதட்டைக் கயிற்றுச் சுருக்கில் முறுக்கிப் பிடிக்க ஒருவர், கழுத்தில் கடி படாமல் இருக்கத் தோல் போர்வை, தேவைப்பட்டால் முன்னங்கால் ஒன்றைத் தூக்கிப் பிடித்து ஆண்குதிரை ஏறியதும் விட இன்னொருவர். எல்லாம் முடிய ஓரிரு நிமிடம். வால் மேலும் கீழும் அசைவதைப் பக்கத்தில் நிற்பவர் கவனிக்க வேண்டும். அதுதான் வேலை நடந்ததற்கு அடையாளம். இறங்கும்போது சொட்டும் துளியை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்துகொள்வார்கள். பதினான்கு, பதினைந்தாம் நாள் ஸ்கேன். இரட்டைக் கரு தெரிந்தால் அப்போதே ஒன்றை நசுக்கிவிட வேண்டும். தரோபிரெட்டின் கருப்பை இரண்டைச் சுமக்காது, விட்டால் பெரும்பாலும் இரண்டுமே போகும். பெட்டையை அனுப்பியவர் கட்டணம் கட்டுவது பொதுவாகக் குட்டி பிறந்து எழுந்து நின்று பால் குடித்த பிறகுதான்.

பருவத்தின் உச்சத்தில் ஒரு பொலிகுதிரைக்கு ஒரு நாளில் இரண்டு, மூன்று முறை இந்த வேலை. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 40 பெட்டைகள் என்பது பெரிய எண்ணிக்கை. பழைய சாம்பியன் மேன் ஓ' வாரின் உரிமையாளர் அதை 25 பெட்டைகளோடு நிறுத்திக்கொண்டார். இன்று பெயர் பெற்ற குதிரைக்கு 200 பெட்டைகள் வருகின்றன. 140-க்கு மேல் கூடாது என்று, பதிவேட்டை நடத்தும் அமெரிக்க ஜாக்கி கிளப் 2020-ல் ஒரு விதி கொண்டுவந்தது. வழக்குக்குப் பிறகு 2022-ல் திரும்பப் பெற்றது. இது வெறும் பேராசைப் பிரச்சினை இல்லை. எண்ணிக்கை இப்படிப் பெருகும்போது புதிதாக வரும் குதிரைக்குத் தன்னைக் காட்ட இடம் குறைகிறது. நன்றாகப் போகிறவற்றிடம் எல்லாரும் குவிகிறார்கள். மற்றவை சீக்கிரமே வெளியேற்றப்படுகின்றன.

நான்காம் ஆண்டுப் பள்ளம்

புதிய பொலிகுதிரையின் முதல் ஆண்டில் சந்தைக்கு அதன் ஓட்டம் நினைவிருக்கிறது. நல்ல கட்டணம், நல்ல பெட்டைகள். இரண்டாம் ஆண்டு முதல் குட்டிகள் பிறக்கின்றன. மூன்றாம் ஆண்டில் அவை ஏலத்தில் நிற்கின்றன. வாங்குபவர்கள் காலையும் தோளையும் பார்த்து முணுமுணுக்கிறார்கள். நான்காம் ஆண்டு முதல் குட்டிகளுக்கு இரண்டு வயதாகி ஓடப்போகின்றன, ஆனால் பருவம் தொடங்கும்போது இன்னும் ஒன்றும் ஓடியிருக்காது. யாருக்கும் தெரியாத அந்த ஆண்டில் யாரும் தங்கள் நல்ல பெட்டையை அனுப்புவதில்லை. அப்புறம் முதல் குட்டிகள் தடுமாறினால் ஐந்தாம், ஆறாம் ஆண்டுக் குட்டிகளுக்குக் கிடைத்த தாய்களும் சுமாராகவே இருக்கும், அவையும் தடுமாறும். தீர்ப்பு தன்னைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும். ஆறேழு ஆண்டில் கட்டணம் பத்தில் ஒரு பங்காகி, வெளிநாட்டு முகவர் ஒருவர் விலை பேச வருவார்.

ஃபெர்டினாண்டுக்கு நடந்தது இம்மி பிசகாமல் இதுதான். 1986 டெர்பியில் கடைசி இடத்தில் கிடந்து, நேர்பாதையில் குதிரைகளுக்கும் வேலிக்கும் நடுவே ஒரு சந்து திறந்ததும் 54 வயது பில் ஷூமேக்கர் அதில் நுழைத்து எடுத்து வந்த குதிரை. 1987 பிரீடர்ஸ் கப் கிளாசிக்கில் அந்த ஆண்டின் டெர்பி வென்ற அலிஷீபாவை மூக்கு நுனியில் தோற்கடித்தது. சம்பாதித்தது 37 லட்சம் டாலருக்கு மேல். 1989-ல் 30,000 டாலர் கட்டணத்தில் கிளேபோர்னில் நின்றது. அதன் தந்தை நிஜின்ஸ்கியும் அங்கேதான் நின்றது. குட்டிகள் ஓடவில்லை. 1994-ல் ஹொக்கைடோவின் ஏரோ ஸ்டட் வாங்கியது. ஜப்பானில் முதல் ஆண்டு 77 பெட்டைகள் வந்தன. ஆறாவது பருவமான 2000-ல் வந்தவை பத்து.

பத்துப் பெட்டைகளின் கட்டணம் ஒரு பொலிகுதிரையின் தீவனத்துக்கும் ஆள் கூலிக்கும் இடத்துக்கும் கட்டாது. 2001 பிப்ரவரியில் அதைக் குதிரைத் தரகர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். பண்ணையில் வேலை பார்த்தவர்கள் அதைச் சாதுவான குதிரை, கூப்பிட்டால் வரும் குதிரை என்றே நினைவுகூர்ந்திருக்கிறார்கள். யாரும் அதை வெறுக்கவில்லை. முன்னாள் உரிமையாளருக்கோ கிளேபோர்னுக்கோ ஒரு தகவல் அனுப்ப வேண்டும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை, அதனால் யாரும் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அழைத்துப்போக ஆள் வந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2003-ல் 'தி பிளட் ஹார்ஸ்' இதழின் ஜப்பான் செய்தியாளர் அது எங்கே இருக்கிறது என்று விசாரிக்கப் போய், தரகர் முதலில் வேறிடத்துக்குக் கொடுத்ததாகச் சொல்லி, கடைசியில் உண்மை வெளிவந்தது.

அமெரிக்காவில் எழுந்த கோபம் நியாயமானது. ஆனால் அதில் பாதி உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். அப்போது அமெரிக்காவிலேயே குதிரை இறைச்சிக்கூடங்கள் இயங்கிக்கொண்டிருந்தன. கடைசிக் கூடம் மூடியது 2007-ல். மூடிய பிறகும் லாரிகள் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் போயின. 1978-ல் சியாட்டில் ஸ்லூ, அஃபர்ம்ட் என்ற, மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற இரண்டு மும்முடி வீரர்களையும் ஒரே பந்தயத்தில் வீழ்த்திய எக்செல்லர் 1997-ல் ஸ்வீடனில் இறைச்சிக்கூடத்தில்தான் முடிந்தது. அப்போது சிலர் வருந்தினார்கள், ஒரு நிதி தொடங்கினார்கள், தொழில் மாறவில்லை. டெர்பி வென்ற குதிரை தேவைப்பட்டது, தொழிலை உலுக்க.

அதே தீவின் மறுபக்கம்

சண்டே சைலன்ஸையும் அமெரிக்கா வேண்டாம் என்றுதான் சொன்னது. இதை மறந்துவிடக் கூடாது. பின்னங்கால் கோணலாகப் பிறந்த குட்டி, கடும் வயிற்றுநோயில் பிழைத்தது, ஏலத்தில் 17,000 டாலருக்குமேல் கேட்பாரின்றி, சேத் ஹான்காக்கின் அண்ணன் ஆர்தர் ஹான்காக்கே திரும்ப எடுத்துக்கொண்டது. கலிஃபோர்னியாவிலிருந்து திரும்பும் வழியில் அது வந்த வண்டி கவிழ்ந்தும் தப்பியது. 1989-ல் டெர்பி, பிரீக்னஸ், கிளாசிக் மூன்றையும் வென்ற பிறகும், பங்கு போட்டு நிறுத்தலாம் என்று ஹான்காக் கூப்பிட்டபோது கென்டக்கியில் வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். தாய்வழி பலவீனம், கால் கோணல், தந்தை ஹாலோவின் முரட்டுக் குணம் என்று காரணங்கள். ஷதாய் பண்ணைகளின் நிறுவனர் சென்யா யோஷிதா ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்து அழைத்துப்போனார். அவர் ஏமாந்துவிட்டார் என்றே கென்டக்கியில் பேசிக்கொண்டார்கள். யோஷிதா 1993-ல் இறந்தார். முதல் குட்டிகள் ஓடியது 1994-ல். தான் வாங்கியது என்ன என்று அவர் பார்க்கவே இல்லை.

1995-ல், இரண்டே தலைமுறைக் குட்டிகளை வைத்துக்கொண்டு, சண்டே சைலன்ஸ் ஜப்பானின் முதலிடப் பொலிகுதிரை ஆனது. அந்த இடத்தை 2007 வரை, இறந்து ஐந்தாண்டு கழித்தும், விடவில்லை. 2002 மார்ச்சில், தந்தையின் கடைசிப் பருவத்தில், டீப் இம்பாக்ட் பிறந்தது. 2005-ல் அது தோல்வியே இல்லாமல் ஜப்பானின் மும்முடியை வென்றது. அதன் மகன் சாக்சன் வாரியர் 2018-ல் இங்கிலாந்தின் 2000 கினீஸையும், இன்னொரு மகன் ஆகஸ்ட் ரோடின் 2023-ல் எப்சம் டெர்பியையும் வென்றன. ஜப்பானுக்குத் தள்ளிவிடப்பட்ட ரத்தத்தைத் தேடி இப்போது ஐரோப்பியப் பண்ணைகள் ஹொக்கைடோவுக்குப் பெட்டைகளை அனுப்புகின்றன.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். ஹொக்கைடோவில் யாரும் ஃபெர்டினாண்டின் 1986-ஐ மறந்து அதை அனுப்பவில்லை. சண்டே சைலன்ஸின் 1989-ஐ நினைத்து அதைக் காப்பாற்றவும் இல்லை. பொலிகுதிரை ஆன நாளிலிருந்து அது ஓடிய ஓட்டம் கணக்கில் கிடையாது. குட்டிகளின் ஓட்டம் மட்டுமே கணக்கு. அந்தக் குட்டிகளோ அரைவாசி அவற்றின் தாய்களுடையவை. எந்தத் தாய் வருகிறாள் என்பதைக் குதிரை தீர்மானிப்பதில்லை. தன் கையில் எதுவுமே இல்லாத ஒரு தேர்வில் தேறாததற்காக ஒரு குதிரையின் உயிர் போவதை நான் விதி என்று ஏற்கமாட்டேன்.

நினைவு தங்கும் இடங்கள்

பந்தயக் குதிரையை இறந்தபின் புதைப்பதில் கென்டக்கிக்கு ஒரு மரபு உண்டு: தலை, இதயம், குளம்புகள். அறிவு, துணிவு, வேகம் என்று பொருள் சொல்வார்கள். முழு உடலாகப் புதைப்பது பெரும் மரியாதை. செக்ரட்டேரியட் 1989 அக்டோபர் 4 அன்று குளம்பு அழற்சியால் கருணைக்கொலை செய்யப்பட்டபோது கிளேபோர்னில் முழுதாகப் புதைத்தார்கள். உடற்கூறு செய்த டாக்டர் ஸ்வெர்செக் அதன் இதயம் சாதாரணக் குதிரையுடையதைவிட இரு மடங்குக்கு மேல், 22 பவுண்டு இருக்கும் என்று மதிப்பிட்டார். அவர் அதை எடைபோடவில்லை. சாதனைகளைச் சொல்லும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மேன் ஓ' வார் 1947-ல் இறந்தபோது பதப்படுத்தி, பார்வைக்கு வைத்து, இறுதிச் சடங்கை வானொலியில் ஒலிபரப்பினார்கள்.

பெரும்பாலான குதிரைகள் நினைவில் நிற்பது கல்லறையில் அல்ல, ஏலப் பட்டியலின் ஒரு பக்கத்தில். மேலே தந்தை, கீழே தாய், தாயின் தாய் என்று இறங்கும் அந்தப் பக்கத்தில் பெரிய பந்தயங்களில் வென்ற அல்லது இடம் பிடித்தவற்றின் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் வரும். செக்ரட்டேரியட்டைப் பொலிகுதிரையாகத் தோல்வி என்று பல காலம் சொன்னார்கள். தன்னைப் போன்ற ஒரு மகனை அது தரவில்லை என்பதுதான் குறை. ரைசன் ஸ்டார் பிரீக்னஸும் பெல்மாண்டும் வென்றது, லேடீஸ் சீக்ரெட் 1986-ல் ஆண்டின் சிறந்த குதிரையானது, கிங்ஸ்டன் ரூல் 1990-ல் மெல்போர்ன் கோப்பையைச் சாதனை நேரத்தில் வென்றது, இருந்தும் போதவில்லை. பிறகு மகள்கள் பேசத் தொடங்கினார்கள். டெர்லிங்குவா ஸ்டார்ம் கேட்டைப் பெற்றது, வீக்எண்ட் சர்ப்ரைஸ் ஏ.பி. இண்டியைப் பெற்றது, செக்ரட்டேம் கான் வெஸ்ட்டைப் பெற்றது. இந்த மூன்று பேரன்களும் இன்றைய அமெரிக்கப் பந்தய ரத்தத்தில் எங்கும் ஓடுகின்றன. அதே செக்ரட்டேமின் இன்னொரு மகன் ரஸீன். 1990 எப்சம் டெர்பியில் எதிர்பார்ப்போடு ஓடித் தோற்று, பிறகு இந்தியாவின் உஷா ஸ்டட்டுக்கு வந்து இங்கே முதலிடப் பொலிகுதிரையாகத் திகழ்ந்தது. நம் பந்தயப் புத்தகங்களில் ரஸீன் பெயரைப் பார்த்துப் பழகியவர்கள், தாய்வழியில் இரண்டு படி மேலே செக்ரட்டேரியட் நிற்பதைக் கவனித்திருப்பார்கள்.

மகள்கள் வழியாக வரும் இந்த நியாயம் தாமதமாகவே வரும், பொலிகுதிரை இறந்த பிறகு வரும். செக்ரட்டேரியட்டுக்கு அதுவரை காத்திருக்க இடமும் பணமும் இருந்தது. சிகாருக்கு வம்சமே இல்லை. ஆனால் 1999-லிருந்து 2014-ல் இறக்கும் வரை கென்டக்கி ஹார்ஸ் பார்க்கில் மக்கள் வந்து பார்க்கும்படி வாழ்ந்தது. குட்டி தராத குதிரையையும் மக்கள் தேடி வருவார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

2003-க்குப் பிறகு

ஃபெர்டினாண்ட் செய்தி வந்த அதே ஆண்டு கென்டக்கியில் மைக்கேல் ப்ளோவன், பாஸ்டன் குளோப் நாளிதழின் முன்னாள் திரைப்பட விமர்சகர், 'ஓல்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்ற ஓய்வுப் பண்ணையைத் தொடங்கினார். வேலை முடிந்த பொலிகுதிரைகளை எடுத்துக்கொள்ளும் பண்ணைகள் அப்போது அரிது. காரணம் எளிது: பொலிகுதிரைகளை ஒன்றாக விட முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனி வெளி வேண்டும், இரண்டு வெளிகளுக்கு நடுவே மூக்கு எட்டாத இடைவெளியோடு இரட்டை வேலி வேண்டும். பத்துக் காயடித்த குதிரைகள் மேயும் நிலத்தில் இரண்டு பொலிகுதிரைதான் கொள்ளும். வயதானால் பல் தேய்ந்து புல்லைச் சுருட்டித் துப்பும். ஊறவைத்த தீவனம் கொடுக்க வேண்டும். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு வந்து உரோமம் உதிராமல் நீண்டால் குளம்பு அழற்சி பின்னாலேயே வரும். தினமும் மாத்திரை, சர்க்கரை குறைந்த தீவனம்.

வெளிநாட்டிலிருந்து திருப்பிக் கொண்டுவருவது இன்னும் கடினம். குதிரைகளில் இணைசேர்க்கை வழியாகப் பரவும் தொற்றுக் கருப்பை அழற்சிக்காக, பொலிகுதிரையைத் தனிமையில் வைத்து மாதிரி எடுத்து, பிறகு இரண்டு பெட்டைகளோடு சேர்த்து அவற்றுக்கும் சோதனை செய்து, சுத்தம் என்றால்தான் அமெரிக்கா உள்ளே விடும். 2002 டெர்பி வென்ற வார் எம்ப்ளெம் இதில் மாட்டியது. சண்டே சைலன்ஸ் இறந்த அடுத்த மாதம் அதன் இடத்தை நிரப்ப யோஷிதா குடும்பம் ஏறக்குறைய 1.7 கோடி டாலருக்கு வாங்கிய குதிரை அது. பெரும்பாலான பெட்டைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பதின்மூன்று ஆண்டில் நூற்றுச் சொச்சம் குட்டிகள்தான். கணக்குப்படி பார்த்தால் ஃபெர்டினாண்டைவிட மோசமான முதலீடு. ஆனால் அதை யாரும் தரகரிடம் கொடுக்கவில்லை. 2015-ல் ஓல்ட் ஃப்ரெண்ட்ஸுக்கே அனுப்பிவைத்தார்கள். தனிமைச் சோதனையிலும் அது பெட்டைகளோடு சேர மறுத்தது, அதனால் காயடித்த பிறகே உள்ளே விட்டார்கள். 2020-ல் தன் புல்வெளியிலேயே இறந்தது. சில்வர் சார்ம் 2014-லும் கரிஸ்மாட்டிக் 2016-லும் ஜப்பானிலிருந்து அதே பண்ணைக்கு வந்தன.

இப்போது வெளிநாட்டுக்கு விற்கும் பல ஒப்பந்தங்களில், பொலி வேலை முடிந்தால் முதலில் விற்றவருக்கே தகவல் தந்து திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை தர வேண்டும் என்ற பிரிவு சேர்க்கப்படுகிறது. நல்லதுதான், ஆனால் அது உரிமை மட்டுமே, பணம் இல்லை. பண்ணை கைமாறினால், விற்றவர் இறந்துவிட்டால், விமானச் செலவுக்கு ஆளில்லையென்றால் அந்தப் பிரிவு தாளில் கிடக்கும். நான் எழுதச் சொல்வது வேறொன்று: முதல் பருவத்தின் முதல் கட்டணத்தை அந்தக் குதிரையின் பெயரில் அறக்கட்டளையாக எடுத்துவைத்துவிட்டு மற்றதைப் பங்கிடுங்கள். ஃபெர்டினாண்டின் முதல் பருவத்தில் ஒரு பெட்டைக்கான கட்டணம் 30,000 டாலர். நாளுக்கு 20 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் ஒரே ஒரு பெட்டையின் கட்டணம் ஒரு கிழட்டுக் குதிரையை நான்கு ஆண்டு வைத்துக் காப்பாற்றும். 1989-லிருந்து வட்டியோடு விட்டிருந்தால் 2001-ல் அது ஏரோ ஸ்டட்டிலிருந்து கிளேபோர்ன் வருவதற்கான விமானச் செலவும் அதிலேயே இருந்திருக்கும்.